முதலில் வளர்ச்சி, பிறகு தூய்மையா? ஜப்பானை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வார இறுதியில் பொருளியல் பாடம் எடுத்து வருகிறேன். வளர்ச்சி, சுற்றுச்சூழல் என்ற பாடப்பகுதிக்கு வரும்போதெல்லாம், ஆண்டு மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. மாணவர்கள் மட்டுமல்லாமல், ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து உட்காருகிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர் பேச்சிலேயே அவற்றை விட்டிருக்கிறேன். விடைகளில் பெரும்பாலும் ஜப்பானையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 'முதலில் பணக்காரர் ஆவோம், பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம்' என்பவர்கள் சான்றாகக் காட்டுவது அந்த நாட்டைத்தான். அந்தச் சான்று அவர்கள் நினைப்பதைச் சொல்லவில்லை என்பது என் கருத்து.

சார், வளர்ந்த நாடுன்னு எதை வெச்சுச் சொல்றாங்க?

உலக வங்கி தனிநபர் வருமானத்தைக் கொண்டு நாடுகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஐ.நா. மேம்பாட்டுத் திட்டம் வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கணக்கிடுகிறது. பணக்கார நாடுகளின் சங்கம் என்று பொதுவாகக் கருதப்படும் ஓ.இ.சி.டி. அமைப்பில் ஜப்பான் 1964-இல் சேர்ந்தது. டோக்கியோ ஒலிம்பிக் நடந்ததும் புல்லட் ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அந்த ஆண்டில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை பாதரசக் கழிவை இன்னும் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. இந்த அளவுகோல்களின்படி ஒரு நாடு தேர்ச்சி பெறுவதற்கு அதன் தண்ணீரோ காற்றோ தேறியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பொருளாதாரம் வளர்ந்தா சுற்றுச்சூழல் கெடும், சுற்றுச்சூழலைப் பாத்தா வளர்ச்சி நின்னுடும். ரெண்டும் எதிரிதானே?

வளர்ச்சியை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தது இது. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஓராண்டில் ஒரு நாட்டில் உற்பத்தியான பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் இறுதி மதிப்பு. ஆலைப் புகையால் ஓர் ஊரில் ஆஸ்துமா பெருகினால், நோயாளிகள் வாங்கும் மருந்தும் ஆஸ்பத்திரிக் கட்டணமும் அந்தக் கணக்கில் கூடுகின்றனவே தவிர, அவர்கள் இழந்த உடல்நலம் எங்கும் கழிக்கப்படுவதில்லை. வரவை மட்டும் எழுதி, தேய்மானத்தை எழுதாத கணக்கில் எல்லாமே லாபமாகத்தான் தெரியும்.

இதை விளங்கிக்கொள்ள நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. பெங்களூருவின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது; மதகைத் திறக்கும் நாள்களில் வெள்ளை நுரை ஆளுயரத்துக்கு எழும்பி, காற்றடித்தால் பக்கத்து வயலில் போய் விழுகிறது. மேலே சோப்புத்தூளை விற்றவரும் வாங்கியவரும் அந்த நுரைக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை, கீழே பாசனம் செய்பவர்தான் அதை ஏற்கிறார். ஆகவே 'பொருளாதாரமா, சுற்றுச்சூழலா' என்று கேட்பதைவிட, ஆதாயம் யாருக்கு, அதன் செலவு யார் தலையில் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே வரும் விடைகள் பலவும் இந்தக் கேள்விக்கே திரும்பி வரும்.

ஜப்பான் முதல்ல நல்லா வளர்ந்துச்சு, அப்புறம்தானே சுத்தம் பண்ணுச்சு? நாமும் அப்படியே செஞ்சா என்ன தப்பு?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஜப்பானின் தெற்கில் குமமோட்டோ மாகாணத்துக் கடலோர ஊரான மினமாட்டாவில், சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளைத் தயாரித்தது. அதற்கு வினையூக்கியாகப் பயன்பட்ட பாதரசத்தின் ஒரு பகுதி, நச்சு மிகுந்த மெத்தில் பாதரசமாக மாறி விரிகுடாவில் கலந்து மீன்களில் சேர்ந்தது. மீனைத் தின்ற பூனைகள் துள்ளித் துடித்துச் செத்தன. பிறகு மீனவக் குடும்பங்களில் கை நடுங்கி, பேச்சுக் குழறி, பார்வை சுருங்கியவர்கள் தென்பட்டார்கள். 1956 மே 1 அன்று இந்நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது.

காரணம் கரிமப் பாதரசம்தான் (மெத்தில் பாதரசம் அந்த வகையைச் சேர்ந்தது) என்று குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக்குழு 1959-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அரசு அதை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். அதாவது, அந்தத் தயாரிப்பு முறையே காலாவதியாகி, ஆலை அதை நிறுத்திய பிறகு. இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1959 டிசம்பரில் நிறுவனம் நோயாளிகளுக்கு 'ஆறுதல் தொகை' என்று கொஞ்சம் பணம் கொடுத்து, பின்னாளில் நோய்க்கு ஆலையே காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டது. இன்னொன்று, இதே முறையில் இதே பொருளைத் தயாரித்த வேறொரு ஆலையால் 1965-இல் நீகாட்டா மாகாணத்து அகானோ ஆற்றங்கரையில் அதே நோய் இரண்டாம் முறையாகக் கண்டறியப்பட்டது. 1959-இல் செயல்பட்டிருந்தால் அந்த ஆற்றங்கரையில் பலரைக் காப்பாற்றியிருக்கலாம்.

பிறகு சுத்தம் செய்தார்கள் என்பது உண்மைதான். விரிகுடாவின் சேற்றை அள்ளி, ஒரு பகுதியை மண்போட்டு மூடும் வேலை 1977-இல் தொடங்கி 1990 வரை நடந்தது. செலவு ஏறத்தாழ 4,850 கோடி யென். நச்சு மீன்கள் வெளியே போகாமலிருக்க விரிகுடாவில் கட்டிய வலை 1997-இல்தான் அகற்றப்பட்டது. மினமாட்டாவில் ஆண்டுக்குச் சுமார் 12 கோடி யென் செலவிட்டுத் தடுத்திருக்கக்கூடிய மாசு, ஆண்டுக்கு 1,260 கோடி யென்னுக்கு மேல் சேதம் விளைவித்தது என்று 1991-இல் ஜப்பானிலேயே ஒரு கணக்கீடு வெளியானது. ஏறக்குறைய நூறு மடங்கு. பிறவியிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளை எந்தச் செலவும் குணப்படுத்தவில்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது மலிவான வழியாக அங்கே இருக்கவில்லை.

அப்ப எது அவங்களை மாத்துச்சு? கையில காசு வந்ததாலதானே?

காசு உதவியது, ஆனால் காசு தானாக எதையும் மாற்றவில்லை. இதற்கு மிகத் தெளிவான ஆதாரம் ஒரு சட்ட வாசகத்தில் இருக்கிறது. ஜப்பான் 1967-இல் கொண்டுவந்த மாசுக்கட்டுப்பாட்டு அடிப்படைச் சட்டத்தில், வாழ்விடச் சூழலைக் காப்பது பொருளாதாரத்தின் ஆரோக்கியமான வளர்ச்சியோடு இசைந்ததாக இருக்க வேண்டும் என்றொரு பிரிவு இருந்தது. படிக்க அழகாக இருந்த அந்த 'இசைவு', நடைமுறையில் ஆலைகள் தப்பிக்க வசதியான ஓட்டையாகவே பயன்பட்டது என்ற கண்டனம் நாடு முழுவதும் எழுந்தது. 1970 இறுதியில் மாசுக்காகவே கூட்டப்பட்ட நாடாளுமன்றத் தொடரில் 14 சட்டங்கள் நிறைவேறின. அப்போது அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சுற்றுச்சூழல் முகமை அமைந்தது. சமநிலை என்ற சொல்லை எங்கே கேட்டாலும் இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அரசை நெருக்கியவர்கள் மூன்று தரப்பினர். முதல் தரப்பு, நோயாளிகளும் அவர்களுடைய வழக்கறிஞர்களும். மினமாட்டா, நீகாட்டா, டொயாமாவின் காட்மியம் நோயான இட்டாய்-இட்டாய், யொக்கைச்சி ஆஸ்துமா ஆகிய நான்கு பெரிய வழக்குகளிலும் 1971-க்கும் 1973-க்கும் இடையில் பாதிக்கப்பட்டவர்களே வென்றார்கள். யொக்கைச்சி வழக்கில், எந்த ஆலையின் புகை எவர் நுரையீரலில் புகுந்தது என்று பிரித்து நிரூபிக்க முடியாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆறு நிறுவனங்களும் கூட்டாகப் பொறுப்பு என்று 1972-இல் தீர்ப்பளித்தது. மேலே சொன்ன ஆறுதல் தொகை ஒப்பந்தத்தை, பொது ஒழுக்கத்துக்கு எதிரானது என்று 1973 தீர்ப்பு செல்லாததாக்கியது. இரண்டாம் தரப்பு உள்ளாட்சிகள்: யொக்கோஹாமா மாநகராட்சி 1964-இலேயே ஒரு மின் நிறுவனத்தோடு மாசுத்தடுப்பு ஒப்பந்தம் போட்டது, தேசியச் சட்டம் வருவதற்கு முன்பே. மூன்றாம் தரப்பு, கித்தாக்யூஷு நகரத்துப் பெண்கள். கணவன்மார் இரும்பாலையில் வேலை பார்க்க, கொடியில் காய்ந்த துணிகளில் கரி படிவதைத் தாங்களே கணக்கெடுத்து, அந்தக் கணக்கோடு நகர நிர்வாகத்திடமும் ஆலை நிர்வாகத்திடமும் போனார்கள். சாவுக் கடல் என்று பெயரெடுத்த அந்நகரின் டொக்கை விரிகுடாவுக்குப் பின்னாளில் மீன்கள் திரும்பின.

இவ்வளவு கெடுபிடி பண்ணா ஆலைகள் மூடியிருக்கணுமே? வேலை போகலையா?

சில துறைகளில் போகவில்லை, ஒரு துறையில் போயிற்று. வாகனத் துறைதான் முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்கா 1970-இல் கொண்டுவந்த தூய காற்றுச் சட்டத்தின் அளவுகளை எட்டவே முடியாது என்று அந்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது, ஹோண்டா 1972-இல் சி.வி.சி.சி. என்ற எஞ்சினை அறிவித்து, புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி இல்லாமலேயே அந்த அளவுகளை எட்டிக் காட்டியது. ஜப்பான் தன் நாட்டுக்குள் 1978-இல் நடைமுறைப்படுத்திய வாகனப் புகை வரம்பும் அக்காலத்தில் மிகக் கடுமையானது. கடுமையான வரம்பு அந்நாட்டு வண்டிகளை வெளிச்சந்தையில் முன்னே தள்ளியது. ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் நம்மவர்களுக்கு, இந்திய வாகனப் புகை வரம்பு பி.எஸ்.-4இலிருந்து பி.எஸ்.-6க்கு 2020-இல் மாறியபோது பட்ட பாடு நினைவிருக்கும். அதே வகைப் பாடுதான் அது.

இரண்டாம் வகைக்கு அலுமினியம். அதை உருக்கியெடுக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளில் மின்கட்டணம் ஏறியதும், உலகின் முன்னணியில் இருந்த ஜப்பானின் அலுமினிய உருக்காலைகள் பத்தே ஆண்டுகளில் பெரும்பாலும் மூடப்பட்டன. அந்த ஊர்களில் வேலை போனது உண்மை. மூடியதற்குக் காரணம் மாசுச் சட்டமன்று, எரிபொருள் விலை. ஆனாலும் வேலை இழந்தவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றியிருக்காது.

அலுமினியம் உருக்கலைன்னா அலுமினியம் வாங்காம இருந்தாங்களா? அழுக்கை வேற நாட்டுக்குத் தள்ளிட்டு நாங்க சுத்தம்னு சொல்றாங்களோ?

வகுப்பில் இதைக் கேட்டவர் ஒரு கிரானைட் குவாரியில் சூப்பர்வைசராக வேலை பார்ப்பவர்; சரியான இடத்தில் கைவைத்தார். ஜப்பான் அலுமினியத்தை வாங்காமல் இருக்கவில்லை. இந்தோனேசியாவின் அசாகான் போன்ற இடங்களில் முதலீடு செய்து அங்கே உருக்கி இறக்குமதி செய்தது. தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் காடாக வைத்துக்கொண்டே, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியாவின் சரவாக் ஆகிய இடங்களின் மழைக்காட்டு மரங்களைப் பல பத்தாண்டுகளாக வாங்கியது. பிளாஸ்டிக் கழிவையும் பணக்கார நாடுகள் சீனாவுக்கு அனுப்பின. 2018-இல் சீனா கதவை அடைத்ததும் அது மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் திரும்பியது.

கிருஷ்ணகிரியின் பாரடைசோ கல் வெளிநாட்டு வீட்டில் பளபளப்பான தரையாகக் கிடக்கிறது. மலையில் விழுந்த பள்ளமும், துளைபோடுகிறவர் மூக்கில் ஏறிய தூசியும், பட்டறை ஓரம் குவிந்து காய்ந்த வெள்ளைக் குழம்பும் இங்கேயே இருக்கின்றன. அந்த நாட்டின் சுற்றுச்சூழல் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை. இதனால்தான் உற்பத்தி நடந்த இடத்தை வைத்துக் கணக்கிடுவதோடு, நுகர்வோர் இருக்கும் இடத்தை வைத்தும் கார்பனைக் கணக்கிட வேண்டும் என்று ஆய்வாளர்கள் வற்புறுத்துகிறார்கள். அப்படிக் கணக்கிட்டாலும் பிரிட்டன், சுவீடன் போன்ற நாடுகளில் குறைவு தெரிகிறது; ஆனால் அவர்கள் மேடையில் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆகவே 'முழு ஏமாற்று' என்பதும் தவறு, 'முழு வெற்றி' என்பதும் தவறு.

ஆலைப் புகையை நிறுத்தின ஜப்பான், கார்பனை மட்டும் ஏன் சீக்கிரம் குறைக்கலை?

கந்தகப் புகையைக் குழாயிலேயே பிடித்துவிடக் கருவி உண்டு; பாதிக்கப்பட்டவர் அதே ஊரில் இருமிக்கொண்டிருப்பார், வழக்குத் தொடர்வார். 1973-இல் இயற்றிய நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் ஜப்பான் கந்தக அளவுக்கேற்ப ஆலைகளிடம் பணம் வசூலித்து நோயாளிகளுக்குக் கொடுத்தது. கார்பனுக்கு அப்படி ஒரு பக்கத்து வீட்டு நோயாளி இல்லை. பாதிப்பு உலகெங்கும், இனி வரும் தலைமுறைக்கும் பரவிக் கிடக்கிறது. ஆதாயம் ஓரிடம், செலவு வேறிடம் என்று இரண்டாம் விடையில் சொன்னது இங்கே உச்சத்தை எட்டுகிறது.

1997-இன் கியோட்டோ ஒப்பந்தம் ஜப்பானிய நகரத்தின் பெயரைத் தாங்கியிருந்தும், அந்நாட்டின் பசுமை இல்ல வாயு வெளியீடு உச்சத்தைத் தொட்டது 2013 நிதியாண்டில். 2011 புகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பின் அணு உலைகள் ஒவ்வொன்றாக நின்று, 2013 செப்டம்பர் முதல் 2015 ஆகஸ்ட் வரை ஒன்றுகூட இயங்காமல், நிலக்கரியும் எரிவாயுவும் அந்த இடத்தை நிரப்பின. 2012-இல் போட்ட கார்பன் வரியோ டன்னுக்கு 289 யென் மட்டும். நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்கும் குறைவு. 2020-இல் பிரதமர் சுகா, 2050-க்குள் நிகர வெளியீட்டைச் சுழியமாக்குவோம் என்று அறிவித்தார். குறைவு தெரிகிறது, ஆனால் 1970-களில் காட்டிய வேகம் இதில் இல்லை என்றே நான் சொல்வேன்.

கார்பன் வரி போட்டா அது ஏழைங்க தலையிலதானே விழும்?

எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சுவீடன் 1991-இல் டன்னுக்கு 250 குரோனர் என்று தொடங்கி, மெதுவாக ஏற்றி, 1,300 குரோனருக்கு மேல் கொண்டுவந்தது. தொடங்கிய ஆண்டிலேயே வருமான வரியைக் குறைத்தது. வீடுகளைச் சூடாக்க நகரங்களில் பொது வெந்நீர்க் குழாய் இருந்ததால் மக்களுக்கு மாற்று வழியும் இருந்தது. 1990-லிருந்து அந்நாட்டுக்குள் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைய, பொருளாதாரமோ பெரிதும் வளர்ந்தது.

பிரான்சில் 2018-இல் டீசல் வரியை ஏற்றப்போனபோது மஞ்சள் சட்டைப் போராட்டம் வெடித்தது, அரசு பின்வாங்கியது. பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-இல் தினமும் வேலைக்கு வருகிறவரிடம், பேருந்து நேரத்தைச் சரிசெய்யாமல் பெட்ரோல் விலையை மட்டும் ஏற்றினால் அவர் என்ன சொல்வாரோ, அதையேதான் பிரெஞ்சுக் கிராமத்தவரும் சொன்னார்கள். கனடாவில் வரிப்பணத்தின் பெரும்பகுதியை வீடுகளுக்கே திருப்பிக் கொடுத்தும், மக்கள் வரியைத்தான் கவனித்தார்கள், திரும்பி வந்ததை அல்ல. 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான அந்த வரி கைவிடப்பட்டது.

ஜப்பான்ல ஜனத்தொகை குறையுது. அதனாலதான் அவங்களால முடியுதோ?

ஓரளவு. ஜப்பானின் மக்கள்தொகை 2008 வாக்கில் 12.8 கோடியைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. ஆனால் மேலே சொன்ன சுவீடனில் மக்கள்தொகை கூடிக்கொண்டே வெளியீடு குறைந்திருக்கிறது. தலைக்கு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும்: சராசரி இந்தியரின் கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்குச் சுமார் 2 டன், சராசரி ஜப்பானியருடையது அதைப் போல நான்கு மடங்கு.

ஒகேனக்கல் தண்ணியே ஜப்பான் கடன்லதானே வந்துச்சு? அவங்ககிட்ட நாம என்ன கத்துக்கறது?

ஆம், 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் கடனுதவியில் அமைந்தது. கடன் என்பதால் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறோம். அதைத் தானம் என்று எண்ண வேண்டியதில்லை. அந்தத் திட்டம் வந்ததே நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான். அந்த ஃபுளோரைடு பாறையிலிருந்து நீரில் கரைவது. மினமாட்டாவைப் போல இதற்கு ஒரு குற்றவாளி ஆலை இல்லை. ஆனாலும் ஆழ்துளைக் கிணறுகளை மேலும் மேலும் ஆழமாக்கியது நம் கைவேலை. ஆழத்துப் பாறை நீரையே நம்பியிருப்பது பல ஊர்களில் தொல்லையைக் கூட்டியது. ஐம்பதைத் தாண்டியவர்கள் சிரிக்கும்போது முன்பற்களில் தெரியும் பழுப்புக் கோடுகள் எந்த வருமானப் புள்ளிவிவரத்திலும் வராதவை.

கற்றுக்கொள்ள நான் ஒன்றைத்தான் சொல்வேன்: ஊர்க்காரர்களே அளந்து, எழுதி, அந்தக் கணக்கோடு கேட்பது. கித்தாக்யூஷு பெண்கள் செய்தது அதுதான். கேட்பதற்கான சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்து வேலூர்ப் பகுதியில் பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்துவிட்டது.

ஐரோப்பா எல்லையில கார்பன் வரி போடுதாமே, ஓசூர்ப் பட்டறைகளுக்கு அடி விழுமா?

பொருளைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியம், இறக்குமதியாகும் பொருளை உற்பத்தி செய்தபோது வெளியான கார்பன் பற்றி 2023 அக்டோபரில் அறிக்கை கேட்கத் தொடங்கி, 2026 ஜனவரி முதல் கட்டணப் பொறுப்பையும் சேர்த்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவையே இப்போது பட்டியலில் உள்ளன. கிருஷ்ணகிரி மாங்கூழுக்கும் கிரானைட்டுக்கும் இது பொருந்தாது. போல்ட், நட் போன்ற எஃகுப் பொருள்களுக்குப் பொருந்தும்.

கட்டணத்தைச் செலுத்துபவர் அங்குள்ள இறக்குமதியாளர். மின்சாரம், ஹைட்ரஜன் நீங்கலாக, ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்கு மேற்படாமல் இவற்றை இறக்குமதி செய்பவருக்கு விலக்கு உண்டு. அது வாங்குபவரின் மொத்த அளவு, நம் பட்டறை அனுப்பிய அளவு அல்ல. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இப்போதைக்கு உற்பத்தியில் நேரடியாக வெளியாகும் கார்பனும், வாங்கிய மூலப்பொருளில் சேர்ந்து வந்ததும் மட்டுமே கட்டணக் கணக்கில் வருகின்றன. உலைக்கு எடுத்த மின்சாரத்தின் கார்பன் வருவதில்லை. ஆகவே சிறு பட்டறைக்காரர் கையில் வைத்திருக்க வேண்டியவை, எஃகுக் கம்பியை வாங்கிய ஆலை கொடுக்கும் கார்பன் விவரமும், தம் பட்டறையில் எரித்த டீசல், எரிவாயு பில்களும். அந்த விவரத்தைக் கொடுக்காத ஆலையிடம் வாங்கினால், நிர்ணயித்த பொது அளவு பொருத்தப்படும். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். வாங்கும் ஆர்டரிலேயே அந்தச் சான்றை ஒரு நிபந்தனையாக எழுதிவிடுவது நல்லது.